"வீட்டிலேயே கொஞ்சம் குடிக்கட்டுமே" என்று நினைக்கும் பெற்றோருக்கு

"வெளியில் போய் யார் யாரோடவோ உட்கார்ந்து குடிக்கிறதுக்கு, நம்ம கண்ணெதிரே வீட்டிலேயே கொஞ்சம் குடிக்கட்டுமே." வேலூர்ப் பக்கம் இந்தப் பேச்சு இப்போது சாதாரணமாகக் காதில் விழுகிறது. சொல்கிறவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போகப் போகிறான், அங்கே எப்படியும் பழகிவிடுவான், அதற்குள் அளவோடு குடிக்க நாமே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது அவர்களுடைய கணக்கு.

இந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். குடிக்கிறவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பிள்ளைக்கு நல்லது என்று நம்பிச் செய்வதே பிள்ளைக்குக் கெடுதலாக முடிகிறதே என்ற வருத்தத்தில் எழுதுகிறேன்.

அனுமதி எத்தனை விதமாகக் கிடைக்கிறது

அனுமதி என்றதும் அப்பா கையால் ஊற்றிக் கொடுப்பதுதான் நினைவுக்கு வரும். நடப்பில் அது அவ்வளவு நேரடியாக இருப்பதில்லை.

தை மாதம், அணைக்கட்டு என்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எருது விடும் விழா முடிந்த சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் பாய் விரித்து ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் சில்லி சிக்கன் பொட்டலம், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர்கள். பத்தாவது படிக்கிற பையன் கீழேயிருந்து ஐஸ் எடுத்துக்கொண்டு வருகிறான். தாய்மாமன் அவன் தோளைப் பிடித்து உட்கார வைக்கிறார். ஒரு டம்ளரில் ஒரு விரல் உயரத்துக்கு பிராந்தி ஊற்றி, மேலே ஸ்ப்ரைட்டை நிரப்பி, "இந்தா மாப்ள" என்று நீட்டுகிறார். பையன் டம்ளரைத் தொடவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான். அப்பா வேறு பக்கம் திரும்பி, எந்த மாடு எத்தனை செகண்டில் ஓடியது என்று பேசிக்கொண்டிருக்கிறார். பையன் வாங்கிக்கொள்கிறான்.

ஊற்றியவர் மாமாதான். ஆனால் பையன் கேட்டது அப்பாவிடம், பதில் கிடைத்ததும் அப்பாவிடமிருந்துதான். அவர் பேசாமல் இருந்ததை அவன் "சரி" என்று எடுத்துக்கொண்டான். பிள்ளைகள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது, பீரோ மேல் வைத்த பாட்டிலில் அளவு குறைந்திருப்பது தெரிந்தும் கேட்காமல் விடுவது, "பீர்தானே" என்று ஃப்ரிட்ஜில் எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் வைப்பது, அப்பாவின் சரக்குக்கு சோடாவும் ஆம்லெட்டும் வாங்கிவரப் பிள்ளையை அனுப்புவது எல்லாமே அனுமதியின் வகைகள். பெண் பிள்ளைக்கு வேறு மாதிரி வரும். கல்யாண ரிசப்ஷனில் வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்கள் "ஒயின்தானே, உடம்புக்கு நல்லது" என்று ஒரு கிளாஸை நீட்ட, அம்மா சங்கடத்தோடு சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அப்புறம் மருந்து. சளி பிடித்த குழந்தைக்கு ஒரு மூடி பிராந்தியை வெந்நீரில் கலந்து கொடுக்கிற பழக்கம் பல வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது. பிராந்தி சளியைக் குறைக்காது. சிறு குழந்தைகளின் ரத்தத்தில் சர்க்கரை அளவைச் சட்டென்று இறக்கிவிடும். அதனால் வலிப்பு வரைகூடப் போகலாம். இந்த ஒன்றை மட்டுமாவது இன்றே நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

குலதெய்வப் படையலையும் சொல்லாமல் விட முடியாது. முனீஸ்வரனுக்கு சாராயமும் சுருட்டும் வைத்துக் கும்பிடுகிற குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. சாமிக்கு வைப்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. படைத்ததைப் பிரசாதம் என்று சொல்லிப் பத்து வயதுப் பையனின் உள்ளங்கையில் ஊற்றுவதுதான் மனதை உறுத்துகிறது. விபூதி போதும் அவனுக்கு.

குடி வீட்டுக்குள் வந்த கதை

நம் தாத்தாக்கள் காலத்தில் குடி வீட்டுக்கு வெளியே இருந்தது. 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்கு வந்து மூன்று மாதம் இருந்த ராஜாஜி, 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனதும் முதலில் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். வேலூர் அப்போது சேர்ந்திருந்த வட ஆற்காட்டுக்கு அது 1939-ல் வந்தது. நடுவில் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டாலும், 1971-ல் தளர்த்தப்படும் வரை ஒரு தலைமுறை முழுக்க மதுவிலக்கிலேயே வளர்ந்தது. அப்போதும் குடித்தவர்கள் இருந்தார்கள். ஏரிக்கரையிலும் மலையடிவாரத்திலும் ஒளிந்து குடித்தார்கள். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து குடிப்பது யோசித்தே பார்க்க முடியாத காரியமாக இருந்தது.

2003-ல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்கு வந்தது. பாட்டில் வாங்குவது மளிகை வாங்குவது போல் சகஜமாகிவிட்டது. வாங்கிவந்து வீட்டில் குடிப்பதும் கூடியது. பாரில் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடப்பதைவிட வீட்டில் குடிப்பது மேல் என்று பெண்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் நிலைமையில் அது நியாயமும்கூட. ஆனால் அதோடு கூடவே பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து டம்ளர் கழுவுவதையும் மூடி திறப்பதையும் பார்த்து வளர்கிறார்கள். வீட்டில் கொடுக்கலாமா என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான் எழுகிறது.

"கொஞ்சம்" என்பது எவ்வளவு

எல்லாக் குழப்பமும் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் பொதுவாக 42.8 சதவீத ஆல்கஹால் கொண்டவை. அதில் 30 மில்லி, அதாவது ஒரு சின்ன பெக், உடம்புக்குள் சுமார் 10 கிராம் ஆல்கஹாலைக் கொண்டுபோகும். குவார்ட்டர் 180 மில்லி, ஆகவே ஆறு பெக். கட்டிங் என்று பாதியாகப் பிரித்தால் மூன்று பெக்.

இப்போது பீருக்கு வருவோம். "பீர்தானே, ஜூஸ் மாதிரி" என்று சொல்லித்தான் பல வீடுகளில் முதல் பாட்டில் திறக்கப்படுகிறது. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். கணக்குப் போட்டால் சுமார் 41 கிராம். நான்கு பெக் பிராந்தி. பையனுக்கு பிராந்தியில் கட்டிங் கொடுக்க மனம் வராத அப்பா, அதைவிட அதிகமாக பீர் பாட்டிலில் கொடுத்துவிடுகிறார். அவருக்கு அது தெரியாது. பாட்டிலைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

45 கிலோ எடையுள்ள பையன் வெறும் வயிற்றில் அந்த ஒரு பாட்டிலைக் குடித்தால், அவன் ரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 130 மில்லிகிராம் ஆல்கஹால் சேரலாம். வண்டி ஓட்டுகிற பெரியவர்களுக்கே சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம்தான். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமாராக ஒரு பெக்கைத்தான் கரைக்கும். குளித்தாலும், மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்து கொடுத்தாலும் அந்த வேகம் கூடாது. ஒரே பாட்டில் பீர் வெளியேறக் குறைந்தது நான்கு ஐந்து மணி நேரம் ஆகும்.

வளரும் மூளை

மனித மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியாகப் பக்குவமடைவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்பகுதி. "போதும், நிறுத்து" என்று சொல்கிற வேலை, நாளை என்ன ஆகும் என்று யோசிக்கிற வேலை எல்லாம் அதனுடையது. ஆக, அளவோடு நிறுத்த எந்த உறுப்பு வேண்டுமோ அதுதான் பதினைந்து வயதில் இன்னும் தயாராகவில்லை. அளவோடு குடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்பதில் இருக்கும் முதல் சிக்கல் இது.

இன்னொரு விஷயமும் உண்டு. எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், வளரிளம் பருவத்து எலிகளுக்கு ஆல்கஹாலால் வரும் தூக்கமும் தள்ளாட்டமும் முதிர்ந்த எலிகளைவிடக் குறைவாக இருந்தது. நினைவாற்றலில் விழுந்த அடியோ அதிகமாக இருந்தது. மனிதப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். "பையன் ஸ்டெடியா இருக்கான், தாங்கறான்" என்று மாமாக்கள் பெருமைப்படுகிறார்களே, அந்த ஸ்டெடிதான் ஆபத்து. தலை சுற்றினால் நிறுத்தியிருப்பான். சுற்றாததால் அடுத்த டம்ளரை வாங்குகிறான்.

அமெரிக்காவில் 1990-களில் நடந்த பெரிய தேசியக் கணக்கெடுப்பு ஒன்று, எந்த வயதில் குடிக்கத் தொடங்கினார்கள் என்பதையும் பின்னால் குடிக்கு அடிமையானார்களா என்பதையும் சேர்த்துப் பார்த்தது. 15 வயதுக்கு முன் தொடங்கியவர்களில் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்குகிற பிள்ளைகளின் வீட்டுச் சூழலுக்கும் இதில் பங்கு இருக்கும். வயது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தள்ளிப்போகிற ஒவ்வொரு வருடமும் பிள்ளைக்கு லாபம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீச்சல் கற்றுக்கொடுப்பது போல, என்கிறார்களே

கேட்டவுடன் நியாயமாகப் படுகிற வாதம் இது. கிணற்றில் விழுந்து சாகாமல் இருக்க, நாமே இடுப்பில் கயிறு கட்டி நீச்சல் சொல்லித் தருகிறோம். குடியையும் அப்படிச் சொல்லித் தந்தால் என்ன?

நீச்சல் பழகப் பழக உடம்பு தண்ணீரை வெல்கிறது. குடி பழகப் பழக உடம்புக்குப் போதை ஏறுவது குறைகிறது. முன்பு ஒரு டம்ளரில் கிடைத்த அதே மயக்கத்துக்கு இப்போது இரண்டு தேவைப்படும். பழக்கம் கூடினால் திறமை கூடும் என்பது இங்கே நடப்பதில்லை, தேவைதான் கூடுகிறது.

இதை அனுமானமாகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 1,900 பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதில் தொடங்கி ஆறு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளைகளுக்கு மது எங்கிருந்து கிடைத்தது, பெற்றோர் கொடுத்தார்களா, மற்றவர்கள் கொடுத்தார்களா, பின்னால் என்ன ஆனது என்று வருடாவருடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது. பெற்றோர் கொடுத்த பிள்ளைகள் வெளியே வாங்கிக் குடிப்பது குறையவில்லை. மாறாக, அடுத்த வருடத்தில் வெளியாட்களிடமிருந்தும் வாங்கிக் குடிக்கிற வாய்ப்பு அவர்களுக்குத்தான் அதிகமாக இருந்தது. பெற்றோர் கொடுப்பது பிள்ளையைப் பாதுகாக்கிறது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை என்று ஆய்வாளர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். நெதர்லாந்தில் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்விலும், வீட்டில் குடித்த பிள்ளைகள் காலப்போக்கில் வெளியிலும் கூடுதலாகக் குடித்தார்கள்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பெற்றோருடன் உட்கார்ந்து குடிக்கிற பிள்ளைகள் வெளியில் குறைவாகக் குடிக்கிறார்கள் என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. அவற்றில் சில ஒரே ஒரு முறை கேள்வி கேட்டு எடுத்தவை. பிள்ளை பின்னால் என்ன ஆனான் என்று அவை தொடர்ந்து போகவில்லை. வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வுகள் வந்தபோது படம் மாறிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? என் புரிதல் இது. அப்பா "அரை டம்ளர்தான்" என்று சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளையின் மனதில் "அரை" தங்குவதில்லை. "அப்பாவே கொடுத்தார்" என்பது தங்கிவிடுகிறது. நண்பர்கள் பாலாற்று மணலில் உட்கார்ந்து பாட்டிலைத் திறக்கும்போது, அதுவரை அவனைத் தடுத்து வைத்திருந்த ஒரே கேள்வி "வீட்ல தெரிஞ்சா?" என்பது. அந்தக் கேள்வியை நாமே எடுத்துவிட்டோம்.

இங்கே பெற்றோரின் இன்னொரு பயத்தையும் பேச வேண்டும், அது நிஜமான பயம். அணைக்கட்டு, ஒடுகத்தூர் மலைப்பக்கம் சாராய ஊறல் பிடிபட்ட செய்தியும், ஆந்திர எல்லையிலிருந்து சரக்கு வந்த செய்தியும் அடிக்கடி வருகின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் செத்தார்கள். "வெளியில் விஷம் விற்கிறான், வீட்டில் நல்ல சரக்காவது கொடுப்போமே" என்று ஒரு தகப்பன் நினைத்தால் எனக்கு அவர் மேல் கோபம் வராது. ஆனால் மேலே சொன்ன ஆய்வு இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. வீட்டில் கிடைப்பதால் வெளியில் தேடுவது நிற்பதில்லை. விஷச் சாராயத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமானால் கள்ளச்சாராயம் என்ன செய்யும், எப்படிக் கண்ணைப் பறிக்கும் என்று உட்கார வைத்துப் பேச வேண்டும்.

வெளிநாட்டில் எல்லாம் கொடுக்கிறார்களாமே

பிரான்சில் குழந்தைகள் சாப்பாட்டோடு ஒயின் குடிப்பார்கள், அதனால் பெரியவர்களானதும் அளவோடு இருப்பார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. ஒரு காலத்தில் அங்கே பள்ளிச் சாப்பாட்டில்கூட ஒயின் இருந்தது உண்மை. 1956-ல் 14 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அதை அரசே நிறுத்தியது. ஐரோப்பியப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிட அளவோடு குடிக்கிறார்கள் என்பதும் சரியில்லை. ஐரோப்பா முழுக்கப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்படும் கணக்கெடுப்புகளில், போதை ஏறும் அளவு குடிப்பது அங்கேதான் அதிகம் என்று தெரிந்தது. இங்கிலாந்தில் வீட்டுக்குள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றமில்லை. அதே நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி 2009-ல், 15 வயது வரையாவது பிள்ளைகளுக்கு மதுவே வேண்டாம் என்று பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டார்.

பின்பற்றத் தகுந்த நாடு ஒன்று உண்டு: ஐஸ்லாந்து. 1998-ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையில் இருந்திருக்கிறார்கள். 2016-ல் அது 5 சதவீதம். பெற்றோர்கள் பள்ளி வாரியாகக் கூடி, பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுப்பதில்லை, குடிக்க விடுவதில்லை, மற்ற பிள்ளைகளையும் கவனித்துக்கொள்வது என்று ஒப்பந்தமே போட்டார்கள். இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றும் நேரத்தைக் குறைத்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. இது நம் ஊரில் முடியாத காரியம் இல்லை. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே கூடி வேலை செய்கிறதே, அதில் கால்வாசி ஒற்றுமை போதும்.

சட்டம் சொல்வது

பலருக்குத் தெரியாத செய்தி இது. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. இது கடைக்கு. வீட்டுக்கும் சட்டம் உண்டு: 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவு. 18 வயது நிறையாத பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு, அல்லது கொடுக்க வைப்பவருக்கு, ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பொது இடம், வீடு என்று அதில் பிரித்துச் சொல்லவில்லை. பெற்றோர், தாய்மாமன் என்று யாருக்கும் விலக்கும் இல்லை. தகுதி பெற்ற மருத்துவர் சொல்லிக் கொடுத்தால் மட்டுமே விலக்கு. பாட்டியின் பிராந்தி மூடி அந்த விலக்கில் வராது. பிள்ளையைக் கொண்டு மது விற்கவோ, எடுத்துவரவோ வைத்தால் அடுத்த பிரிவான 78-லும் அதே அளவு தண்டனை உண்டு.

வண்டியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மாடியில் ஒரு டம்ளர் கொடுத்த கையோடு, "டேய், பைக்கை எடுத்துக்கிட்டுப் போய் பரோட்டா வாங்கிட்டு வா" என்று அனுப்புவது நடக்கிறது. பக்கத்திலேயே சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை, லாரிகள் பறக்கின்றன. வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

சரி, என்ன செய்யலாம்

"நானே குடிக்கிறேன், நான் எப்படிப் பையனிடம் குடிக்காதே என்று சொல்வது?" என்ற தயக்கம்தான் பல அப்பாக்களின் வாயை அடைக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்த ஆண்களில் சுமார் நான்கில் ஒருவர் குடிக்கிறார் என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே இந்தத் தயக்கம் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கும். தாராளமாகச் சொல்லலாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"கண்ணு, நான் குடிக்கிறேன், அது உனக்குத் தெரியும். நான் பண்றது சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா இருபத்தோரு வயசு ஆகற வரைக்கும் இந்த வீட்ல உனக்கு ஒரு சொட்டுகூடக் கிடையாது. மாமா குடுத்தாலும் சரி, யாரு குடுத்தாலும் சரி, வாங்காதே. எங்கயாவது மாட்டிக்கிட்டா ராத்திரி எந்நேரம் ஆனாலும் எனக்கு போன் பண்ணு. வந்து கூட்டிக்கிட்டு வரேன். அங்க வெச்சுத் திட்ட மாட்டேன்."

கடைசி மூன்று வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். கண்டிப்பு மட்டும் இருந்தால் பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்வான். மாட்டிக்கொண்ட இரவில், குடித்த நண்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருவதா, அப்பாவுக்கு போன் பண்ணுவதா என்று அவன் யோசிக்கும்போது, அந்த மூன்று வாக்கியம்தான் அவனைக் காப்பாற்றும்.

அதைவிடக் கஷ்டம் சொந்தக்காரர்களைச் சமாளிப்பது. காரியத்திலும் காதுகுத்திலும் காணும் பொங்கலிலும் நீளுகிற டம்ளரை மறுத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயப்படுகிறோம். விசேஷத்துக்கு முன்பே, சபையில் இல்லாமல், தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. "மச்சான், பையனுக்கு மட்டும் ஊத்தாதே, எனக்காக" என்றால் பெரும்பாலும் யாரும் மீற மாட்டார்கள். கணவரே ஊற்றுகிற வீட்டில் அம்மாவின் நிலைமை இன்னும் சிக்கல். அவர் போதையில் இருக்கும்போது வாதம் செய்யாமல், பிள்ளையை அந்த இடத்திலிருந்து ஏதாவது வேலை சொல்லி எழுப்பிக் கூட்டிப்போய்விடுங்கள். மறுநாள் காலையில், தெளிவாக இருக்கும் நேரத்தில், ஏழு ஆண்டு என்கிற அந்தச் சட்டப் பிரிவைச் சொல்லுங்கள். பாசத்துக்குக் கட்டுப்படாதவர்கள் சிலர் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள்.

வீட்டில் பாட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றால் பூட்டி வையுங்கள். சோடா வாங்க நீங்களே போங்கள். டம்ளரை நீங்களே கழுவுங்கள்.

ஏற்கெனவே குடித்துவிட்டு வந்து நின்றால்

அந்த ராத்திரி அறிவுரைக்கான நேரம் கிடையாது. அவன் உயிரோடும் பத்திரமாகவும் விடிய வேண்டும், அவ்வளவுதான். தனியாகத் தூங்க விடாதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடு நீலமாகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் 108-ஐ அழையுங்கள். குடித்தது சாராயமோ பாக்கெட்டோ என்று சந்தேகம் வந்தால், நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மெத்தனாலின் வேலை தெரிய அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். கண் மங்குகிறது என்று அவன் சொல்வதற்குள் தாமதமாகிவிடும். மானம் போய்விடும் என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில் டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள்.

மறுநாள் அவன் சாப்பிட்ட பிறகு பேசுங்கள். எங்கே, யாரோடு, எவ்வளவு, ஏன் என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அவன் சொல்லி முடிக்கும் வரை பேசாமல் இருங்கள். ஒரு முறை நடந்ததா, மாதக்கணக்காக நடக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். மதிப்பெண் சரிவது, காசு காணாமல் போவது, பழைய நண்பர்களை விட்டு விலகுவது, காலையில் எழவே முடியாமல் இருப்பது எல்லாம் சேர்ந்து தெரிந்தால் வீட்டுப் பேச்சு மட்டும் போதாது.

அப்போது போக இடம் வேலூரிலேயே இருக்கிறது. பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வதற்குப் பெயர் பெற்றது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். நேரில் போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பெரியவர்களே பிள்ளையை வற்புறுத்திக் குடிக்க வைக்கிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. குடி மீட்புக்கென்று தனியாக 14446 இருக்கிறது. அப்பா தன் குடிக்காகவும் இந்த எண்களில் பேசலாம். பையனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கே, தன் பெயருக்கும் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.